நம் ஊர்ப் புரவி எடுப்புக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது?

தேவகோட்டைக்காரன் | வெள்ளி இரவு

எல்லோருக்கும் வணக்கம். ஐயனாருக்கு மண்குதிரை செய்து கோவிலுக்குத் தூக்கிப்போய் வைக்கிற நம் புரவி எடுப்பு பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் லண்டனில் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து பேட்டர்ஸீ பூங்கா நடக்கிற தூரம்தான். அங்கே ஏரிப் பக்கம் மூன்று பெண்கள் கல்லில் நிற்கிறார்கள். ஹென்றி மூர் செய்த சிலை. மூன்று பேரும் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். மழை பெய்து பெய்து கல்லில் கோடு கோடாகக் கறை இறங்கியிருக்கிறது. முதல்முறை பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை ஐயனார் கோவில்காட்டில், வரிசையாக நிற்கும் மண்குதிரைகளுக்கு நடுவே நிற்கிற மாதிரி இருந்தது.

அந்தச் சிலை எப்படி அங்கே வந்தது என்று தேடிப் படித்தேன். 1948இல் லண்டன் கவுண்டி கவுன்சில் அந்தப் பூங்காவில் திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. யுத்தம் முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. யுத்தக் காலத்தில் அதே பூங்காவில் விமான எதிர்ப்புப் பீரங்கி நின்றது, காய்கறிப் பாத்தி போட்டிருந்தார்கள், பன்றி கூட வளர்த்தார்கள். சாப்பாட்டுக்கு ரேஷன் முறை முடியாத காலம். அந்த நேரத்தில் புல்வெளியில் சிலையைக் கொண்டுவந்து வைப்போம், சனங்கள் வந்து பார்க்கட்டும் என்று கவுன்சிலின் பூங்காக் குழுத் தலைவராக இருந்த பேட்ரீஷியா ஸ்ட்ராஸ் முனைந்து செய்திருக்கிறார். ரோடின், மய்யோல் போன்ற பெரிய கைகளின் வேலையோடு அப்போது உயிரோடு இருந்த சிற்பிகளின் வேலையும் இருந்தது. ஒன்றரை லட்சம் பேருக்கும் மேல் வந்து பார்த்தார்கள். மூரின் மூன்று பெண்கள் அந்தக் கண்காட்சிக்கு வந்தவர்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடந்தது. 1951இல் அதே பூங்கா. 1954, 1957 இரண்டும் ஹாலண்ட் பூங்காவில். 1960, 1963, 1966இல் மறுபடி பேட்டர்ஸீ. இதற்கு நடுவே 1965இல் அந்தக் கவுன்சிலையே கலைத்துவிட்டார்கள். அறுபதுகளோடு அந்த வரிசை நின்றுபோனது.

இதைப் படித்ததும் மனதில் ஒன்று உறுத்தியது. ஏழு கண்காட்சிதான் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் வருஷம் தெரியும், எந்தச் சிலை, யார் செய்தது, எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கிறது. நம் பக்கம் எத்தனையோ தலைமுறையாகப் புரவி எடுக்கிறோம். எங்கள் ஊரில் எந்த வருஷம் எடுத்தார்கள், எந்த வருஷம் விட்டுப்போனது, அந்தக் குதிரையைச் செய்த வேளார் யார் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. என் அப்பச்சிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

உங்கள் ஊரில் யாரிடமாவது கணக்கு இருக்கிறதா? இந்த வரலாற்றை இனிமேலாவது எழுத முடியுமா?

---

பள்ளத்தூர் சிட்டு | வெள்ளி இரவு

எங்கள் ஊரில் புரவி எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. கோவிலில் பங்குள்ள இரண்டு கரைக்காரர்களுக்குள் முதல் மரியாதை யாருக்கு என்று தகராறு. வழக்கு நடக்கிறது. நோட்டு ஒன்று இருந்தது, அதையும் ஒரு தரப்பு எடுத்துப் போய்விட்டதாகப் பேச்சு.

---

வேளார் வீட்டுப் பிள்ளை | சனி காலை

தேவகோட்டை அண்ணே, உங்கள் கேள்வி எங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி. எனவே நானே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் புரவி செய்கிற குடும்பம். கோவிலில் பூசையும் நாங்கள்தான். செய்கிற கையே பூசை பண்ணுகிற கை. ஊரில் நல்ல மழை பெய்து, வெள்ளாமை வீடு வந்து, எடுக்கலாம் என்று ஊர்த்தலைவரான அம்பலமும் ஊராரும் கூடி முடிவு பண்ணினால் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு ஒரு பிடி மண்ணை அள்ளி எங்கள் அப்பா கையில் கொடுப்பார்கள். அதுதான் பிடிமண். அதை வாங்காமல் நாங்கள் ஒரு காதுகூடச் செய்ய மாட்டோம். வாங்கிவிட்டால் விரதம். பணம் எவ்வளவு கொடுத்தாலும் பிடிமண் இல்லாமல் செய்தது புரவி ஆகாது, வெறும் பொம்மை.

மண் கண்மாயிலிருந்து வரும். சுத்தக் களிமண் மட்டும் போட்டால் காயும்போதே வெடித்துவிடும். மணல் வேண்டும், உமி வேண்டும், நறுக்கின வைக்கோல் வேண்டும். காலால் மிதித்து மிதித்துச் சேர்க்க வேண்டும். முதலில் நாலு கால். உருளையாகச் செய்து நிறுத்தி, அது கொஞ்சம் இறுகின பிறகுதான் வயிறு ஏறும். அவசரப்பட்டால் மேல்பாரம் தாங்காமல் கால் பிதுங்கிவிடும். மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்றி, உள்ளே ஒரு கையால் தாங்கிக்கொண்டு வெளியே பலகையால் தட்டுவோம். அப்படித் தட்டும்போது உள்பக்கம் கைவிரல் பதியும். வெளியே எல்லாம் வழவழப்பாக இருக்கும். உடைந்த குதிரையின் வயிற்றுக்குள் பார்த்தால் விரல் விரலாகத் தெரியும். வயிற்றில் ஓட்டை விடுவோம், காற்றும் நெருப்பும் உள்ளே போய் வர. அதை மறந்தால் சூளையில் சிதறிவிடும்.

காய நாள் ஆகும். மழை மூடினால் கூரைக்குள் இழுக்கவும் முடியாது, நிழல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காய்ந்த பிறகு பொட்டலில் வரட்டி, விறகு, வைக்கோல் அடுக்கி, மேலே மண் பூசிச் சுடுவோம். சுட்டபின் சுண்ணாம்பு அடித்து, வர்ணம். எடுப்பு அன்றைக்கு மாலை போட்டு, துண்டு கட்டி, மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிப் போவார்கள். சிங்கம்புணரி வட்டாரத்தில் முன்னால் போவது அரண்மனைப் புரவி, பின்னால் நேர்த்திக்கடன் புரவிகள். கூடவே பிள்ளை வரம் கேட்டவர்கள் மதலை, அதாவது மண்ணில் செய்த குழந்தை உருவம் எடுப்பார்கள், மாடு சுகமான வீட்டார் காளை எடுப்பார்கள். கோவிலில் வைத்துக் கண் திறந்துவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அது ஐயனாருடையது. மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும்.

கணக்குக்கு வருகிறேன். அப்பாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வருஷத்தின் பெயர், எந்த வீட்டுக்கு எத்தனை, என்ன கொடுத்தார்கள், அவ்வளவுதான். எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) காலத்துக் கணக்கு ஒன்றும் இல்லை. அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்.

---

ஓவிய வாத்தியார் | சனி மதியம்

வேளார் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். வரலாறு எழுத வேண்டும் என்றால் இதுதான் முதல் பக்கம்.

தேவகோட்டைத் தம்பி எடுத்த ஒப்புமை சரியான ஒப்புமைதான், அதைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். பேட்டர்ஸீ மட்டும் இல்லை. நெதர்லாந்தில் ஆர்ன்ஹெம் என்ற ஊர் 1944 சண்டையில் தரைமட்டமானது. 1949இல் அங்கே சோன்ஸ்பேக் பூங்காவில் சிற்பக் கண்காட்சி வைத்தார்கள், 1952, 1955, 1958 என்று தொடர்ந்தது. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரத்தின் மிடல்ஹெய்ம் பூங்காவில் 1950இல் ஒரு கண்காட்சி. முடிந்ததும் அதை நிரந்தரத் திறந்தவெளி அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து 1989 வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சியும் நடந்தது. குண்டு விழுந்த ஊர்களில்தான் முதலில் பூங்காவுக்குச் சிலை வந்தது என்பதைக் கவனியுங்கள். உள்ளே வைக்கக் கட்டடம் இல்லாததால் என்று நினைக்கிறவர்கள் உண்டு. என் எண்ணம் வேறு. சனங்கள் ஒன்றுகூட ஒரு காரணம் தேவைப்பட்டது. நம் ஊரில் மழை பெய்த வருஷம் புரவி எடுப்பதும் அதே தேவைதான்.

ஜெர்மனியில் மூன்ஸ்டர் என்ற ஊரில் 1977இல் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடத்துகிறார்கள். 1987, 1997, 2007, 2017. அதற்கு விதை ஒரு சண்டை. ஜார்ஜ் ரிக்கி என்பவர் செய்த சுழலும் சிலை ஒன்றை நகரம் வாங்கப் போகிறது என்றதும் ஊரே எதிர்த்தது. சரி, சிலை என்றால் என்ன என்று ஊருக்குக் காட்டுவோம் என்று தொடங்கினார்கள். அதில் மைக்கேல் ஆஷர் என்பவர் செய்தது எனக்குப் பிடித்தது. ஒரு சாதாரணப் பயண வண்டியை வாரம் ஓர் இடத்தில் நிறுத்தினார். பத்து வருஷம் கழித்து அதே இடங்களில் மறுபடி நிறுத்தினார். இப்படி நாலு முறை. நடுவில் ஊர் மாறிவிட்டது. பழைய இடத்தில் கட்டடம் வந்து வண்டி நிறுத்த வழியில்லாமல் போன வாரங்களில் அதை வெளியே எடுக்காமல் கொட்டகையில் வைத்துவிட்டார்கள். வண்டி நிற்காத வாரமும் அந்த வேலையில் ஒரு பகுதி.

பள்ளத்தூர் சிட்டு சொன்ன ஏழு வருஷ இடைவெளியை அப்படித்தான் பார்க்கிறேன். எடுக்காத வருஷத்தையும் எழுத வேண்டும். மழை இல்லை, வழக்கு, ஊரில் பெரிய சாவு, எதுவானாலும் காரணத்தோடு எழுத வேண்டும்.

---

கண்டனூர் ஆச்சி | சனி மாலை

எல்லாரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு சொல் மட்டும் ஒட்டவில்லை. கண்காட்சி.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆயாவோடு புரவி எடுப்புக்குப் போவேன். குதிரையைப் பார்க்கவா போனோம்? கொடுக்கப் போனோம். என் தம்பிக்கு மூன்று வயது வரை பேச்சு வரவில்லை. ஆயா மதலை எடுத்துக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார்கள். வேளார் கொண்டுவந்து திண்ணையில் வைத்த மதலை உட்கார்ந்த பிள்ளை, கையில் ஒன்றும் இல்லை, வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. ஆயா அந்த வாயைப் பார்த்துவிட்டு அழுதது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பேசுகிற வாயாகச் செய்யுங்கள் என்று யாரும் வேளாருக்குச் சொல்லவில்லை. அவராகச் செய்தார்.

அதைக் கோவிலில் வைத்துவிட்டு வந்த பிறகு நாங்கள் திரும்பிப் போய்ப் பார்த்ததே இல்லை. அது கரைந்து மண்ணாகி இருக்கும். ஆகட்டும். லண்டன் சிலையைச் சனங்கள் பார்க்க வைத்தார்கள். நம்முடையதை ஐயனார் பார்க்க வைக்கிறோம். இந்த வித்தியாசத்தை எழுதாமல் வரலாறு எழுதினால் அது நம் வரலாறு ஆகாது.

---

தேவகோட்டைக்காரன் | சனி இரவு

ஆச்சி, நீங்கள் சொன்னது நெஞ்சில் தைத்தது. கண்காட்சி என்ற சொல்லை இனி நம் புரவிக்குப் போட மாட்டேன்.

---

புதுவயல் பொறியாளர் | ஞாயிறு காலை

நான் எதிர்க்கருத்து சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம்.

கரையட்டும் என்று விட்டால் பத்து இருபது வருஷத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. எங்கள் ஊரில் சின்ன வயதில் நான் எண்ணிய குதிரைகளில் பாதிக்கு இப்போது கால் மட்டும்தான் நிற்கிறது. புதிதாகச் செய்யும் வேளார் வீடுகளும் குறைந்துவிட்டன. கண்மாயில் மண் எடுக்க அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறது. அதனால் சிமெண்டில் செய்வதில் என்ன தப்பு? குளமங்கலத்தில் ஐயனார் குதிரை முப்பது அடிக்கு மேல் நிற்கிறது. அது மண்குதிரை இல்லையே, கட்டுவேலைதானே. மாசி மகத்துக்கு அதற்குக் காகித மாலை மலைபோல் விழுகிறது. சாமி ஏற்றுக்கொள்ளவில்லையா? பழைய குதிரைகளுக்கும் மேலே ஒரு சிமெண்ட் பூச்சு கொடுத்தால் நிற்கும். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஐயனார் குதிரைகளை எத்தனை அழகாக வைத்திருக்கிறார்கள். நம் கோவில்காட்டை அப்படி ஒரு பூங்காவாகப் பராமரிக்கலாம்.

---

ஓவிய வாத்தியார் | ஞாயிறு மதியம்

பொறியாளர் தம்பி, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் சிமெண்ட் பூச்சு மட்டும் வேண்டாம், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

திறந்த பொட்டலில் சுட்ட மண், செங்கல் சூளையில் சுட்டது போல் கெட்டி ஆகாது. நிறைய நுண்துளை இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீரைக் குடிக்கும், தை மாசியில் வெளியே விடும். சுண்ணாம்பு பூசியிருந்தால் அந்தத் தண்ணீர் சுண்ணாம்பு வழியே வெளியே வந்துவிடும். சிமெண்ட் பூசினால் உள்ளே போன தண்ணீர் வர வழியில்லை. உப்பு உள்ளேயே பூத்து, தோலுக்குள் மண் பொடியாகிவிடும். வெளியே பார்க்க முழுக்குதிரை. ஒருநாள் தட்டினால் ஓடு கழன்று உள்ளே தூள் கொட்டும். எனாமல் வர்ணமும் அப்படித்தான், பொருக்குப் பொருக்காக உரிந்து வரும், வரும்போது மண்ணையும் பிய்த்துக்கொண்டு வரும். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்கள் நூறு வருஷம் கழித்தும் மினுங்குவது சுண்ணாம்பால்தானே. அந்தச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி நாசமான வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

குளமங்கலம் குதிரை சொன்னீர்கள். அது கட்டுவேலையாகவே பிறந்தது, அதற்கு அந்த வழி. புதுக்கோட்டையிலிருந்து நம் பக்கம் வரும் வழியில் நமுனசமுத்திரம் ஐயனார் கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். பாதைக்கு இரண்டு பக்கமும் மண்குதிரைகள். புதிதாக வந்தது வர்ணத்தோடு, அதற்கடுத்தது வெள்ளை போய், அதற்கும் பின்னால் தலை சாய்ந்து, மரவேரோடு வேராக. அதைப் பூங்கா ஆக்கிக் கம்பி வேலி போட்டால் எது வரலாறோ அதுவே போய்விடும். தட்சிணசித்ரா நல்ல இடம், 1996இலிருந்து மாணவர்களை அழைத்துப் போகிறேன். ஆனால் அங்கே நிற்கும் குதிரைக்குப் பின்னால் பழைய குதிரை வரிசை கிடையாது.

---

தேவகோட்டைக்காரன் | ஞாயிறு மாலை

வாத்தியாரையா, பழைய குதிரைகளின் வயதைச் சோதனை செய்து கண்டுபிடிக்க முடியாதா? சுட்ட மண்ணுக்கு வெப்ப ஒளிர்வு முறை என்று ஒன்று இருக்கிறதே.

---

ஓவிய வாத்தியார் | ஞாயிறு மாலை

இருக்கிறது. மண்ணில் இருக்கும் படிகத் துகள் சுற்றியுள்ள இயற்கைக் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும். சூளையில் சுட்டால் அந்தச் சேமிப்பு அழிந்து பூஜ்யமாகும். மறுபடி சூடாக்கினால் அதுவரை சேர்ந்தது ஒளியாக வரும். அதை அளந்து, சுட்டு எத்தனை காலம் என்று சொல்வார்கள். ஆனால் அதற்குக் குதிரையில் துளைபோட்டு மண் எடுக்க வேண்டும். ஆச்சி சம்மதிப்பார்களா? தவிர, அதில் பிழை எல்லை உண்டு. நாம் தேடுவது போன தலைமுறையா அதற்கு முந்தியதா என்பது. அதற்கு வேறு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பழைய ஓவியங்களை யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க ஜியோவன்னி மொரெல்லி என்று இத்தாலியர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் ஒரு வழி சொன்னார். முகத்தைப் பார்க்காதே, காதையும் நகத்தையும் பார் என்றார். முகத்தை எல்லோரும் யோசித்து வரைவார்கள். காதைக் கை தன் பழக்கத்தில் வரைந்துவிடும்.

வேளார் தம்பி, உங்கள் அப்பா கையையும் ஐயா கையையும் பார்த்த மாத்திரத்தில் உங்களால் பிரிக்க முடியுமா?

---

வேளார் வீட்டுப் பிள்ளை | ஞாயிறு இரவு

முடியும் என்றுதான் நினைக்கிறேன். அப்பாவிடம் கேட்டேன், உடனே சொன்னார். ஐயா காதைத் தலையிலிருந்தே கிள்ளி எடுப்பார், தனியாகச் செய்து ஒட்ட மாட்டார். அதனால் அவர் குதிரைக்குக் காது சின்னது, அடி தடிப்பு. அப்பா தனியாக உருட்டி, நடுவில் கட்டைவிரலால் அமுக்கி, பிறகு ஒட்டுவார். வெற்றிலையை மடித்த மாதிரி இருக்கும். நான் அப்பா மாதிரிதான் செய்கிறேன், ஆனால் என் கட்டைவிரல் பெரியது, பள்ளம் அகலமாக விழும் என்று திட்டுவார்.

பொறியாளர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. வேளார் வீடு குறைந்தது உண்மை. சிமெண்டில் செய்யச் சொல்லி எங்களிடமும் கேட்கிறார்கள். ஊரார் சேர்ந்து கேட்டால் நான் மறுக்க முடியாது, செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் சிமெண்ட் குதிரை ஒரு தடவை வைத்தால் அடுத்த தடவை தேவை இல்லை. தேவை இல்லை என்றால் பிடிமண் இல்லை. பிடிமண் இல்லை என்றால் என் மகனுக்குக் கால் எத்தனை நாள் காய வேண்டும் என்று தெரியாது. கரைவதால்தான் மறுபடி கேட்கிறார்கள்.

---

புதுவயல் பொறியாளர் | ஞாயிறு இரவு

தம்பி, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. பூச்சு யோசனையை விட்டுவிடுகிறேன். கண்மாய் மண் அனுமதிக்கு எழுத வேண்டிய மனுவை நான் எழுதித் தருகிறேன். அந்த வேலை எனக்குப் பழக்கம். எங்கள் ஊர் வரிசையைப் படம் வரைந்து அளவு குறித்துக் கொடுக்கவும் முடியும்.

---

கண்டனூர் ஆச்சி | திங்கள் காலை

வரைகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். சாய்ந்த குதிரையை நிமிர்த்த வேண்டாம். எண் எழுதுகிறேன் என்று சுண்ணாம்புக் கட்டியால் அதன்மேல் கோடு போடவும் வேண்டாம். காகிதத்தில் எழுதுங்கள்.

---

வேளார் வீட்டுப் பிள்ளை | அடுத்த ஞாயிறு மாலை

அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு இன்றைக்குக் காலையில் எங்கள் கோவில்காட்டுக்குப் போனேன். செருப்பு போடவில்லை, ஆச்சி.

முன்வரிசை எல்லாம் அப்பா கை. நோட்டில் உள்ள வருஷத்தோடு அநேகமாக ஒத்துப்போகிறது. எங்கள் வீட்டுக் குதிரை ஒன்றை அப்பா கையால் தடவிப் பார்த்து, இது உன் அக்கா பிறந்த வருஷம் என்றார். அதற்குப் பின்னால் ஐயா கை. கிள்ளின காது. அதில் நாலு குதிரைக்குத் தலை இருக்கிறது, மற்றவை வெறும் உடம்பு. தலை இல்லாததற்கு வயிற்றின் உள்ளே பார்த்தோம். ஐயா விரல் தடம் மேலிருந்து கீழே சாய்ந்து இறங்குகிறது. அப்பாவுடையது நேராக இருக்கிறது. ஐயா நின்றுகொண்டு தட்டுவாராம், அப்பா உட்கார்ந்து தட்டுவார்.

அதற்கும் பின்னால், ஆலமரத்து வேர் பிடித்த இடத்தில், ஒரு தலை பாதி மண்ணுக்குள் கிடக்கிறது. காது கிள்ளினதும் இல்லை, ஒட்டினதும் இல்லை. மண்ணை நாடா மாதிரித் தட்டி, சுருட்டி, குழலாக நிறுத்தியிருக்கிறது. ஒரு காதுதான் மிச்சம். அப்பா ரொம்ப நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யார் கை என்று கேட்டேன். ஐயாவுக்குக் கற்றுக்கொடுத்தவராக இருக்க வேண்டும் என்றார். அவர் பெயர் அப்பாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் போன் போட்டுக் கேட்டிருக்கிறார், அத்தை விசாரித்துச் சொல்வதாகச் சொன்னது.

வாத்தியாரையா, அந்தக் காதைப் படம் எடுத்துவைத்திருக்கிறேன். தேவகோட்டை அண்ணே, நீங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால் புரட்டாசிக்குள் வாருங்கள். மழை பிடித்துவிட்டால் அந்தப் பக்கம் போக முடியாது, கண்மாய்த் தண்ணீர் வேர் வரைக்கும் ஏறிவிடும்.